சாய்ந்து விழுந்த சொட்டு

தொலைபேசித் திரையில் அந்த டீசல் சொட்டு சாய்ந்து விழுந்தது.

அதை நான் பார்க்கவில்லை. காருக்குப் பக்கத்தில், ஈரப் பாதையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். டயருக்கு அண்டை கொடுக்கும் கல்லில் போனைச் சாய்த்து வைத்து, காரின் அடிப்பக்கத்தை என் மனைவி தெய்வானைக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் குவைத்தில், வேலை செய்யும் வீட்டின் துணி துவைக்கும் அறையில் நின்றாள். இங்கே விடிந்திருந்தது. லயத்து வரிசை வீடுகளின் கூரையை விட்டு மூடுபனி இன்னும் போகவில்லை. அங்கே இருட்டு.

“ஏங்க, அது என்னா கோணையா விழுது?” என்றாள்.

“எது?”

“டீசல்தாங்க. நேரா விழாம வண்டி மூஞ்சிப் பக்கமா சாஞ்சி போயி விழுது.”

“டீசல் எங்கயாச்சும் கோணையா விழுமா புள்ள? ஒனக்குத் தூக்கக் கலக்கம்.”

“படுத்துக் கெடக்குறது நீங்க. நான் நின்னுக்கிட்டுப் பாக்குறேன். யாருக்குத் தூக்கம்?”

எனக்குப் பொதுவாகவே பதில் வராது. இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ஹட்டன் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடக் கூச்சப்பட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த வாடகைக்கு ஓட்டிய என் முதல் ஹயர் நாளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதே கார்தான் இது. இலங்கையில் முன்பு கொடுத்த ஸ்ரீ நம்பர் போட்ட பழைய ஜப்பான் டீசல் கார். சொட்டு ஏன் சாய்ந்தது என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் பக்கத்தில் கார் எப்படி நிற்கும் என்று சொல்ல வேண்டும்.

மூக்கு கீழே

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சம தரை மிகக் குறைவு. லயம் சரிவில் நிற்கிறது, பாதை சரிவில் போகிறது, கார் சரிவில்தான் நிற்க வேண்டும். நிறுத்தும்போது மூக்கு கீழே பார்க்க நிறுத்துவோம். குளிர் காலையில் பழைய டீசல் வண்டியின் பாட்டரியை யாரும் நம்புவதில்லை. கல்லை எடுத்துவிட்டு, பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி தானாக உருளும். இரண்டாம் கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டால் இரண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும்.

காலையில் எங்கள் பாதையோரம் வந்து பார்த்தால், கார்களும் முச்சக்கர வண்டிகளும் தண்ணீர் குடிக்க இறங்கிய மாடுகளைப் போல ஒரே பக்கம் தலை குனிந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் சொந்தக் கல் உண்டு. என்னுடையது ஆற்றிலிருந்து எடுத்தது, ஒரு பக்கம் தட்டை. எங்கே போனாலும் டிக்கியில் கூடவே வரும்.

மழை தொடங்கிய மாதத்தில்தான் ஒழுக்கு தொடங்கியது. காலையில் காரின் முன்பக்கம், பாதையில், ஒரு கறுத்த வட்டம். அதிலிருந்து பாதையோர வடிகாலான கான் வரைக்கும் நீலமும் ஊதாவுமாக ஒரு கோடு. எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப் ஒழுகுகிறது என்பது மட்டும் தெரிந்தது. பம்ப் எஞ்சினின் ஓரத்தில், குழாய்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும். கையை விட்டுத் தடவினால் எல்லா இடமும் ஈரம்.

ஒருநாள் மூக்கு மேலே பார்க்க நிறுத்திப் பார்த்தேன். காலையில் பாதை காய்ந்திருந்தது. ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அரை மணி நேரம் ஃபில்டர் மேலிருக்கும் கைப் பம்பைக் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் உயிர் வந்தது.

பிறகு யோசித்தபோது விளங்கியது. டாங்க் பின்னால் இருக்கிறது. மூக்கு கீழே பார்த்தால் டாங்க் உயரத்தில் நிற்கும், டீசல் பம்ப் பக்கம் இறங்கி வெளியே கசியும். மூக்கு மேலே பார்த்தால் டாங்க் பள்ளத்தில். டீசல் பின்னால் இறங்கிப் போக, கசிந்த அதே வழியாகக் காற்று உள்ளே நுழையும்.

ஸ்டாண்டில் முச்சக்கர வண்டி ஓட்டும் தியாகு இதைக் கேட்டு விட்டான்.

“கீழ பாத்தா அழுவுது, மேல பாத்தா பேச மாட்டேங்குது. கோவிச்சிக்கிட்டு நிக்குதுண்ணே. நல்ல சேலையா ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

ஸ்டாண்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது சிரிக்கும் விஷயமாக இல்லை. தெய்வானை விடுமுறைக்கு வருவதாக இருந்தாள்.

கண்ணைத் திறந்து ஏற வேண்டும்

தெய்வானைக்கு டீசல் வாடை ஆகாது. ரயிலில் மலை உச்சியில் இருக்கும் பட்டிப்பொல வரை போனாலும் ஜன்னலோரம் கடலை கொறித்துக்கொண்டு வருவாள். டீசல் வாடை அடிக்கும் வாகனத்தில் ஏற்றினால் மூன்றாவது வளைவில் முகம் வெளுத்துவிடும்.

முந்தைய விடுமுறைக்கு அவள் வந்தபோது இந்தக் கார் எங்களிடம் இல்லை. அதே விமானத்தில் வந்த பெண்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள். கித்துல்கல வரைக்கும் பாட்டும் பேச்சுமாக வந்திருக்கிறாள். பொல்பிட்டிய தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வேனுக்குள் டீசல் வாடை. அதற்குப் பிறகு அவள் எதையும் பார்க்கவில்லை. விமான நிலையக் கடையில் கொடுத்த பைக்குள் முகத்தை வைத்தவள், கினிகத்தேனையில் இறங்கி ஒரு மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள். வேனிலிருந்தவர்கள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஹார்ன் அடித்தார்களாம். வீட்டுக்கு வந்து சேர்ந்தவளை நான் கைத்தாங்கலாகத்தான் உள்ளே கூட்டிப் போனேன். எங்கள் வாசலில் அவளுக்காகக் கோலம் போட்டிருந்தார்கள். அதையும் அவள் பார்க்கவில்லை.

கார் வந்த பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“நீங்க வாங்க, நம்ம கார எடுத்துக்கிட்டு. முன் சீட்டுல உக்காந்து, கண்ணாடிய எறக்கிவிட்டுட்டு, கண்ணத் தொறந்துக்கிட்டு ஏறணும். ஒவ்வொரு மலையா பாத்துக்கிட்டே ஏறணும். அங்க போனதுல இருந்து அதத்தான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்.”

“சரி,” என்றேன்.

“சரின்னா சரியா, இல்ல சும்மா சரியா?”

“சரி, சரி.”

அப்போது கார் ஒழுகவில்லை. அவள் வரும் மாதம் நெருங்கியபோது, கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தாலும் முன் சீட்டில் உட்கார்ந்தால் டீசல் வாடை மூக்கைத் துளைத்தது.

நானாவின் தீர்ப்பு

ஹட்டன் டவுனுக்குச் சற்று வெளியே நிஸ்தார் நானாவின் கராஜ். அவருக்கு என் வயதுதான், ஓரிரண்டு வயது கூட இருக்கலாம்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். கைக்குக் கிடைத்த வண்டியை எல்லாம் பிழைக்க வைத்துவிடுவார். அவருடைய கராஜும் சரிவில்தான் இருக்கிறது. வண்டி உருண்டு உள்ளே வரும், மூக்கு கீழே பார்க்க நிற்கும்.

பானட்டைத் திறந்து, டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கீழேயும் மேலேயும் பார்த்தார். சொட்டு விழும் இடத்தில் விரலை வைத்தார். பம்பின் முன்முனை.

“தம்பி, முன்னுக்கு ஷாஃப்ட் சீல் போயிருக்கி. பம்ப கழட்டோணும். கண்டியில பம்ப் பாக்குற எடத்துக்கு அனுப்போணும்.”

“எப்ப வரும் நானா?”

“அவங்ககிட்ட வண்டி வரிசை ஈக்குது. அடுத்த மாசம்னு வெச்சிக்கோங்க.”

“அடுத்த வாரம் அவ வர்றா நானா.”

நானா டோர்ச்சை அணைத்தார். தெய்வானையை அவருக்கும் தெரியும். “இப்பிடியே கட்டுநாயக்க எயார்போட்டுக்கு ஓட்டிட்டுப் போவேனு மட்டும் நெனச்சிடாதீங்க. முன் சீல் ஒழுகினா டைமிங் பெல்ட் நனையும். நனைஞ்ச பெல்ட் நடு ரோட்டுல அறுந்தா எஞ்சினே முடிஞ்சிரும். தெரிஞ்ச வேன் ஒண்ணு பேசித் தரவா?”

“யோசிச்சி சொல்றேன்” என்று வந்துவிட்டேன். வேன் பேசுவது பெரிய காரியம் இல்லை. தியாகுவே வேன் வைத்திருக்கும் ஆள் ஒருவரைச் சொன்னான். ஆனால் அந்த வேனிலும் அவள் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டுதான் ஏறுவாள் என்று எனக்குத் தெரியும்.

வாடையை மட்டுமாவது மறைக்கலாம் என்று காருக்குள் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டேன். கோப்பித் தூளைத் துணியில் முடிந்து சீட்டுக்கடியில் வைத்தேன். ஊதுபத்தியும் கொளுத்தினேன். தியாகு ஒரு தடவை உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு உடனே இறங்கினான்.

“அண்ணே, கோயில்ல டீசல் அபிஷேகம் பண்ணுன மாதிரி இருக்கு. மதினி மயங்கித்தான் விழுவாங்க.”

தக்காளி நிற்கும் ஊர்

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். நான் சாக்கில் படுத்திருக்கிறேன். தெய்வானை சொட்டு சாய்ந்து விழுகிறது என்கிறாள்.

உண்மையில் நாங்கள் அந்த நாட்களில்தான் அதிகம் பேசினோம். அதற்கு முன் எங்கள் பேச்சு “சாப்பிட்டியா”, “சாப்பிட்டேன்”, “மழையா”, “மழைதான்” என்று முடிந்துவிடும். பிறகு இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு இருப்போம். பேசத் தெரியாதவனுக்கு மனைவி தூரத்தில் இருப்பது மிகவும் கஷ்டம். பக்கத்தில் இருந்தால் தேநீரை நகர்த்தி வைக்கலாம், விறகு பிளந்து வைக்கலாம். போனில் எதை நகர்த்தி வைப்பது? ஒழுக்கு வந்த பிறகு தினமும் காட்ட ஒன்று கிடைத்தது. அவளும் எழுந்தவுடன் “இன்னைக்கி எவ்வளவு ஊத்திருக்கு?” என்றுதான் கேட்பாள்.

சாக்கிலிருந்து எழுந்து போனைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் போனை வைத்திருந்த கல், பாதையின் சரிவோடு சரிந்திருந்தது. அதனால் திரையில் பாதை மட்டமாகத் தெரிந்தது, கார் மட்டமாக நின்றது. சொட்டு மட்டும் கோணலாக விழுந்தது.

“ரோடு சரிவு புள்ள. போன் அதோட சேந்து சரிஞ்சி நிக்குது. அதான் அப்பிடித் தெரியுது.”



“நம்ம ரோடு சரிவுங்கிறதே எனக்கு மறந்து போச்சிங்க,” என்றாள். “இங்கன ஒரு தக்காளி கீழ விழுந்தா விழுந்த எடத்துலயே கெடக்கு. மொத மொத அதப் பாத்துட்டு அப்பிடியே நின்னேன். நம்ம வீட்டுல விழுந்தா வாசலத் தாண்டிப் போயி, கீழ் லயத்து வீட்டுல போயில்ல கேக்கணும்.”

“நீ அனுப்புற போட்டோவப் பாத்தாலே தெரியுது. எல்லாம் மட்டமா இருக்கு.”

“நீங்க அனுப்புறதுலயும் அப்பிடித்தான் இருக்கு. வண்டிய மட்டமா காட்டுறீங்க, வீட்டையும் மட்டமா காட்டுறீங்க. இது நம்ம ஊர்தானான்னு இருக்கு.” பிறகு திடீரென்று, “ஏங்க, மழைக்கு நம்ம காம்பராவுல சட்டி வைப்போம்ல?” என்றாள். லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறையைக் காம்பரா என்போம்.

“ஆமா.”

“சட்டிக்கு நேர் மேலயா தகரத்துல ஓட்ட இருக்கும்?”

நான் திரும்பிக் காரின் அடியைப் பார்த்தேன்.

தகரக் கூரைக்குக் கீழே வளர்ந்த யாரும் சட்டிக்கு நேராக ஓட்டையைத் தேட மாட்டார்கள். தண்ணீர் மேலே எங்கோ நுழையும், தகரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டே சரிவில் இறங்கும், ஒரு மரச் சட்டத்தில் தடுக்கி அங்கே சொட்டும். ஓட்டையை அடைக்கப் போகிறவன் சட்டியிலிருந்து மேட்டுப் பக்கம் தகரத்தைத் தடவிக்கொண்டே போவான். எனக்கு இது நடக்கப் பழகிய வயதிலிருந்து தெரியும். நிஸ்தார் நானாவுக்கும் தெரியும். ஆனால் கார் என்று வந்ததும் நாங்கள் எல்லோரும் சட்டிக்கு நேராகவே விரலை வைத்துக்கொண்டிருந்தோம். சரிவிலேயே நிறுத்தி, சரிவிலேயே திறந்து, சரிவிலேயே பார்த்தோம். எங்களுக்கு அது சரிவாகவே தெரியவில்லை.

என் காரில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் பழைய முறை. பம்பும் அப்படித்தான், முன்னும் பின்னுமாகப் படுத்திருக்கும். பின்முனையில் கசிந்தாலும், மூக்கு கீழே பார்த்து நிற்கிற காரில் டீசல் பம்பின் வயிற்றோடு ஓடி, முன்முனையில் வந்துதான் சொட்டும்.

“மட்டமான எடத்துல நிப்பாட்டிப் பாருங்க,” என்றாள் தெய்வானை.

பெரட்டுக்கு வந்த கார்

எங்கள் தோட்டத்தில் மட்டமான இடம் என்றால் பெரட்டுக்களம். காலையில் வேலைக்காரர்கள் கூடி, பேர் கொடுத்து, எந்த மலைக்குப் போவது என்று கேட்டுப் பிரியும் இடம். மறுநாள் காலை பெரட்டு கலையும் நேரம் காரை அங்கே கொண்டு போனேன்.

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நின்றார். “என்னா தம்பி, பெரட்டுக்குக் காரும் வந்திருக்கு? பேரு போட்டாச்சா?”

“ஒழுகுதுக்கா. பாக்க வந்தேன்.”

“ஒழுகுற வண்டிக்கு அரைப் பேருதான் போடுவாங்க,” என்றார் இன்னொருவர். அரை நாள் சம்பளத்தை எங்கள் பக்கம் அரைப் பேர் என்போம். சிரித்துக்கொண்டே மலைக்கு ஏறிப் போனார்கள். எனக்குக் காது சூடானது.

மண்ணெண்ணெயில் தூரிகையை நனைத்துப் பம்பைச் சுற்றிக் கழுவினேன். பழைய துணியால் துடைத்துக் காய விட்டேன். காய்ந்த பம்பின் மேல் வெள்ளைத் தூள் ஏதாவது தூவினால், முதலில் நனைகிற இடம் கறுத்துக் காட்டும். கோதுமை மா கொண்டு வரலாம் என்று இருந்தேன். முந்தைய நாளே போனில் தெய்வானை தடுத்துவிட்டாள்.

“மாவு கட்டி புடிச்சிக்கும். என் பவுடர் டின்ன எடுங்க. கண்ணாடிக்குப் பக்கத்துலதான இருக்கு?”

இருந்தது. அவள் போன நாளில் வைத்த இடத்திலேயே இருந்தது. கண்ணாடித் தட்டைத் துடைக்கும்போது நான் அந்த டின்னைச் சுற்றித்தான் துடைப்பேன்.

“அது ஒன்னோடதில்ல,” என்றேன். ‘அது உன்னுடையது அல்லவா’ என்று சொல்ல வந்தேன்.

“தெறங்க. சாமி படமா அது?”

பெரட்டுக்களத்தில் மூடியைத் திருகினேன். கைக்குட்டையில் கொட்டி, பம்பின் மேல் மெதுவாக ஊதினேன். மூடுபனிக்குள் அந்த வாசனை எழுந்தது. கோயிலுக்குப் புறப்படும் காலைகளில் எங்கள் காம்பராவில் இருக்கும் வாசனை. நான் கொஞ்ச நேரம் பம்பைப் பார்க்கவில்லை. பானட்டைப் பிடித்தபடி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு எஞ்சினை ஓட விட்டுக் குனிந்தேன். முன்முனை வெள்ளையாகவே இருந்தது. ஷாஃப்ட் சீல் நல்லபடியாக இருந்தது. பின்முனையில், எஞ்சினுக்குப் போகும் குழாய்கள் வந்து சேரும் பகுதி பம்பின் உடலோடு பொருந்தும் பொருத்தில், மயிரிழை போல ஒரு கோடு கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்தது. அதன் அடியில் ஒரு சொட்டு திரண்டு, நேராகக் கீழே விழுந்தது.

அவளுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். பதில் வரப் பகல் ஆகிவிட்டது. அதில் பேச்சே இல்லை. சிரிப்பு மட்டும்.

காய்ந்த அட்டை

நிஸ்தார் நானாவிடம் பவுடர் பூசிய பம்பைக் காட்டினேன். தகரக் கூரை விஷயத்தையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“எங்கட ஊட்டுக் கூரையும் தகரம்தானே தம்பி! ஒங்கட வைஃப்ப கராஜுக்கு அனுப்பிடுங்க, நான் குவைத் போறேன்.”

அந்தப் பொருத்துக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதை மாற்றப் பம்பைக் கழற்ற வேண்டியதில்லை, கண்டிக்கும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. பின்பகுதியை மிகக் கொஞ்சமாகப் பின்னால் இழுத்து, அந்த இடுக்கில் வளையத்தை மாற்ற வேண்டும். அதிகமாக இழுத்தால் உள்ளே இருக்கும் தண்டும் ஸ்பிரிங்கும் இடம் மாறிவிடும். பிறகு கண்டிதான்.

நான் காரைக் கராஜுக்கு வெளியே, ஓரளவு மட்டமான இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

“அங்க வேணாம், உள்ளுக்கு உருட்டுங்க,” என்றார் நானா. “மூக்கு நல்லா கீழ பாக்கட்டும். பின்பக்கம் ஒசந்து நின்னாத்தான் உள்ளுக்கு ஈக்குற சாமான் முன்னுக்கு சாஞ்சி அப்பிடியே குந்தியிருக்கும்.”

எங்களை ஏமாற்றிய சரிவிலேயே வேலையைத் தொடங்கினோம். பாட்டரி வயரைக் கழற்றினார். குழாய்களைக் கழற்றி, தூசி போகாமல் அவற்றின் வாயில் பொலித்தீன் கட்டினேன். போல்ட்டுகளை மாறி மாறித் தளர்த்தி, இரண்டு கைகளாலும் பிடித்து, மூச்சை அடக்கி ஒரு நூல் அளவு இழுத்தார். வளைந்த ஊசியால் பழைய வளையத்தை நான் கிளப்பி எடுத்தேன். தட்டையாகி, இறுகி, வெயிலில் செத்துக் காய்ந்த அட்டைப் பூச்சியைப் போல இருந்தது. கையில் வளைத்ததும் முறிந்தது. ஹட்டன் கடையில் வாங்கிய புது வளையத்துக்குக் கிரீஸ் தடவி உள்ளே விட்டேன். நானா மெதுவாக அழுத்தி மூடினார்.

குழாய்களைப் பூட்டி, கைப் பம்பைக் குத்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினோம். எஞ்சின் பிடித்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பவுடர் தூவினேன். டின் அதோடு தீர்ந்தது.

அடுத்து கொத்மலைப் பக்கம் ஒரு ஹயர் போய், ஏறி இறங்கித் திரும்பி வந்து பானட்டைத் திறந்தேன். வெள்ளையாகவே இருந்தது.

கட்டுநாயக்கவில் ஒரு கல்

விமான நிலையத்து வாகனத் தரிப்பிடம் கண்ணுக்கெட்டிய தூரம் மட்டம். “இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட” என்று ஒருவர் கையைக் காட்டிக் காட்டிச் சிங்களத்தில் முன்னால் வரச் சொன்னார். நிறுத்தி இறங்கி, டிக்கியைத் திறந்து, கல்லை எடுத்து முன் டயருக்கு அண்டை கொடுத்தேன். அவர் என்னையும் கல்லையும் பார்த்தார். பிறகு தன் நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்தால் இன்னும் சிரிப்பார்களோ என்று கூச்சப்பட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

தெய்வானை தள்ளுவண்டியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். நான் “வந்துட்டியா” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கீழே டயரைப் பார்த்தாள்.

“ஏங்க, கார் உருண்டு குவைத்துக்குப் போயிரும்னு வச்சீங்களா?” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பிறகு கல்லைத் தானே தூக்கி டிக்கியில் வைத்தாள்.

முன் சீட்டில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

“டீசலே இல்ல. என்னமோ பவுடர் வாடையில்ல வருது?”

“ஒன்னோடதுதான். எஞ்சின் சூடானா இன்னும் வருது.”

அவிசாவளை வரை பேசிக்கொண்டே வந்தாள். பொல்பிட்டிய தாண்டியதும் பேச்சை நிறுத்தினாள். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். முகம் வெளுக்கவில்லை. கண்ணாடியை முழுக்க இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு வந்தாள். வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. கினிகத்தேனையில் “நிப்பாட்டுங்க” என்றபோது அவசரமாக ஓரங்கட்டினேன். அவள் இறங்கிப் போய் அந்த மதகுக் கட்டில் உட்கார்ந்தாள். வாந்தி எடுக்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கல்லை எடுத்து டயருக்கு வைத்தேன். இந்த முறை அது தேவையாக இருந்தது.

யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. வேண்டிய அளவு உட்கார்ந்துவிட்டு வந்து ஏறினாள். வட்டவளையில் மழை பிடித்தது. கண்ணாடியை ஏற்ற விடவில்லை. தோட்டத்துப் பாதைக்குத் திரும்பும்போது, இன்னும் கொஞ்சம் வளைவுகள் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

நிமிர்த்திப் பிடித்தது

விடுமுறை முடிந்தது. திரும்பக் கொண்டு போய் விட்ட நாளைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. இறங்கு பாதையில் கார் நன்றாக ஓடியது என்று மட்டும் சொல்லலாம்.

புது பவுடர் டின் ஒன்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பம்ப் ஒழுகுவதில்லை. காலையில் பாதை காய்ந்திருக்கிறது. போனில் காட்டவும் ஒன்றும் இல்லை. “சாப்பிட்டியா”, “சாப்பிட்டேன்” என்று மறுபடியும் ஆகிவிட்டது.

இந்த வாரம் ஒருநாள் அவளே கேட்டாள்.

“வண்டியக் காட்டுங்க.”

“ஒண்ணும் ஒழுகல புள்ள.”

“சும்மா காட்டுங்க.”

பழக்கத்தில் போனைக் கல்லில் சாய்க்கப் போனேன்.

“அப்பிடி வேணாங்க. எந்திரிச்சி நில்லுங்க. கையில புடிங்க. நிமித்தி.”

எழுந்து நின்று நிமிர்த்திப் பிடித்தேன். திரையில் பாதை சரிந்தது. கார் தலை குனிந்து நின்றது. அதற்குக் கீழே லயத்துக் கூரைகள், அதற்கும் கீழே தேயிலை வரிசைகள், பனிக்குள் இறங்கிக்கொண்டே போயின.

துணி துவைக்கும் இயந்திரம் தெய்வானைக்குப் பின்னால் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“தெரியுதா?” என்றேன்.

“ம். இப்பதாங்க தெரியுது.” கொஞ்சம் பொறுத்து, “கைய எறக்கிடாதீங்க,” என்றாள்.

இறக்கவில்லை. அங்கே யாரோ அவளைக் கூப்பிடும் வரைக்கும், இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.